ஞானராஜின் வலக்கை

நவ. 12, செவ்வாய்

காலையிலிருந்து மழை. ரெட்டியார்பாளையமே தண்ணீரில். இன்றைய வேலை: மாதா பாட்டுக்கு ஞானராஜ் நேற்று என் ஸ்டூடியோவில் வாசித்த கீபோர்டு, கம்ப்யூட்டரில் பதிவான அதன் மிடி நோட்டுகளைச் சுத்தம் செய்வது.

வலக்கை மோசம். ஒவ்வொரு நோட்டும் தாளக்கோட்டுக்குப் பின்னால். கடைசிச் சரணத்தில் அழுத்தமே இல்லை, சிலது விழவே இல்லை. இடக்கை மட்டும் கச்சிதம். எரிச்சல். போன் போட்டேன்.

"என்னடா, ஊத்திக்கிட்டு வாசிச்சியா?"

"இல்லடா. வெரலு மரத்தாப்ல இருந்துச்சு. நீ இழுத்து வுட்டுக்க."

இழுத்து விட்டேன். மொத்தத்தையும் பிடித்து குவாண்டைஸ், ஒரே தட்டு. எல்லாம் கோட்டில். அழுத்தமும் சமம். விட்டுப்போனதை நானே போட்டேன். பழைய கோப்பின் மேலேயே சேமிப்பு, வழக்கம்போல.

வாங்க வேண்டியது: பால். மெழுகுவர்த்தி. கொசுவத்தி.

நவ. 14, வியாழன்

மாதா கோயில் சாமியாருக்குப் பாட்டு ரொம்பப் பிடித்ததாம். "கீபோர்டு பிரமாதம்பா!" இதைச் சொல்ல ஞானராஜுக்குப் போன். எடுத்தது அவன் மனைவி ஸ்டெல்லா. அழுகை. நேற்றிலிருந்து கதிர்காமம் ஆஸ்பத்திரி. பக்கவாதம். வலப்பக்கம் முழுக்க, பேச்சும் இல்லை.

போனேன். கண் திறந்து பார்த்தான். அவ்வளவுதான்.

நவ. 15, வெள்ளி

கோப்பைத் திறந்தேன். அவன் வாசித்தது எங்கும் இல்லை. தேடித் தேடிக் கண் எரிகிறது. திரையில் நோட்டெல்லாம் நேராக நிற்கிறது, சனியன்.

அவன் கை எங்கெங்கே தளர்ந்தது என்று பார்த்தவன் நான் ஒருவன்தான். பார்த்தேன், திருத்தினேன். குடித்தாயா என்று வேறு கேட்டேன். அன்றே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருந்தால்?



நவ. 16, சனி

மழை விட்டது. வார்டில் டாக்டர் ஸ்டெல்லாவிடம் கேட்டார்: "கை எப்போலேருந்து சரியில்ல?"

"திடீர்னுதான் சார் வந்துச்சு. திங்கக்கிழம கூட வாசிச்சாரு, கேளுங்க." நான் திருத்தி அனுப்பிய பாட்டைப் போனில் போட்டாள். டாக்டர் கொஞ்சம் கேட்டார், தலையாட்டினார், எழுதிக்கொண்டார்.

என் பக்கம் திரும்பினாள். "ஒரு எடத்துலகூட பெசகல பாருங்கண்ணா. நல்லாத்தான இருந்திருக்காரு?"

ஞானராஜ் என்னையே பார்த்தான். இடக்கையால் வலக்கையைத் தூக்கி வயிற்றின் மேல் வைத்துக்கொண்டான்.

சொல்ல வாயெடுத்தேன். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஸ்டெல்லா பாட்டை முதலிலிருந்து போட்டாள்.