கயல்விழி வரைந்த வீட்டுப் படம்

வீட்டைப் பாகம் பிரித்த அன்றைக்குக் கூடத்தில் இருந்தவர்கள்: உங்கள் தம்பி ஏழுமலை, அவன் பெண்டாட்டி சரசு, நம் மகன் குமரேசன், தெருப் பெரியவர் துரைசாமி, பல்கலைக்கழகத்திலிருந்து லீவுக்கு வந்திருந்த நம் பேத்தி கயல்விழி, நான், நீங்கள். ஏழு பேர். நீங்கள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. எனக்கு ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை.

இன்று காலையிலிருந்து வீடெல்லாம் ஈரச் சிமெண்டு வாசனை. நம் பாகத்தில் குளியலறை கட்ட மேஸ்திரி வந்திருக்கிறார். "பிளான் ஏதாச்சும் இருக்குதாம்மா?" என்று கேட்டார். கயலுக்குப் போன் போட்டேன். "சின்னதா ஒரு படம் போட்டு அனுப்பும்மா, நாலு கோடு தானே" என்றேன். "மேஸ்திரியையே போடச் சொல்லு ஆயா. நான் இப்பல்லாம் கோடு போடறது இல்ல" என்றாள். போனை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது. கோணலாகத்தான் எழுதும். நீங்கள் படித்தே ஆக வேண்டும்.

அவள் ஒரே சமயத்தில் இரண்டு படிப்பில் சேர்ந்தபோது தெருவில் உங்களைப் பிடிக்க முடியவில்லை. ஒன்று ஆர்க்கிடெக்சர், இன்னொன்று குளோபல் ஸ்டடீஸ். இரண்டாவது உங்கள் வாயில் நுழையவே இல்லை. கயல் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "வூடு எப்படி நிக்குதுன்னு ஒரு படிப்பு தாத்தா. அந்த வூட்டுக்குள்ள உலகம் எப்படி வந்து உக்காந்துக்கினு இருக்குதுன்னு இன்னொரு படிப்பு" என்றாள். அதையே நீங்கள் பால்காரனிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

மூன்றாம் வருஷம் இரண்டு படிப்பையும் சேர்த்து ஒரு வேலை கொடுத்தார்களாம். எந்த வீட்டை வேண்டுமானாலும் எடுக்கலாம். இவள் நம் வீட்டை எடுத்தாள். மூன்று நாள் அளந்தாள். டேப்பின் மறுமுனையை நீங்கள் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி சுற்றினீர்கள். "இன்னாடி இது, வூட்டுக்கு ஜாக்கெட்டு தைக்கப் போறியா?" என்று சரசு கேட்டாள். "ஆமா சின்ன ஆயா, உங்க பக்கம்தான் துணி பத்தல" என்றாள் கயல். எல்லோரும் சிரித்தோம்.

இரண்டு தாள் வரைந்தாள். முதல் தாளில் வீடு, அங்குலம் தப்பாமல். இரண்டாவதில் அதே வீடு, ஆனால் ஒவ்வொரு பொருளிலிருந்தும் ஒரு கோடு வெளியே ஓடும். பட்டு நூலிலிருந்து சீனாவுக்கு, ஜரிகையிலிருந்து சூரத்துக்கு, உத்தரத்துத் தேக்கிலிருந்து பர்மாவுக்கு. "சீனாக்காரன் சொல்லாம கொள்ளாம நம்ம வூட்ல குடி வந்துட்டான் பாரு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள்.

நம் வீடு நேரான வீடா? முன்பக்கம் அகலம், நடுவில் ஒடுங்கி, முற்றத்தைத் தாண்டி இடது பக்கம் திரும்பும். ஏழுமலை பாகம் கேட்ட போதெல்லாம் துரைசாமி பெரியவர் தலையைச் சொறிந்து, "இந்தக் கோணல் வூட்ட எங்க வெட்டறது?" என்று எழுந்து போய்விடுவார். அந்தக் கோணல்தான் இருபது வருஷம் நம்மைக் காப்பாற்றியது.

அந்த முதல் தாளை பஸ் ஸ்டாண்டு கடைக்கு எடுத்துப் போய் நகல் போட்டது யார்? நீங்கள். சுருட்டி, ரப்பர் பேண்டு மாட்டி, "பாருடா, என் பேத்தி போட்டது" என்று தம்பி கையில் கொடுத்தது யார்? நீங்கள். அரிசி புடைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு ஏழுமலை அதையே கூடத்தில் விரித்தான். நடுவில் சிவப்பு மையில் ஒரு கோடு. துரைசாமி ஸ்கேலை வைத்துப் பார்த்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிபாதி. மறுத்துப் பேச யாருக்கும் வழியில்லை. "ஏம்பா, இவ்வளோ சுத்தமா அளந்த படம் உனுக்கு ஏது?" என்று ஏழுமலையைக் கேட்டார். ஏழுமலை உங்களைப் பார்த்தான். நானும் பார்த்தேன். நீங்கள் கயலைப் பார்த்தீர்கள்.

"படிக்க அனுப்பினா, வூட்டையே அளந்து வெட்டக் குடுத்துட்டா" என்றீர்கள்.

நான் வாயைத் திறந்தேன். "நீ சும்மா இரு" என்றீர்கள். பாழாய்ப்போன வாய், மூடிக்கொண்டது. கயல் எழுந்து போய்ப் பையைக் கட்டினாள்.

அந்தக் கோட்டில் எழுப்பிய சுவர் தறிக்கூடத்தின் குறுக்கே வந்தது. பாவு நூலை நீட்ட இடமில்லாமல் தறியைக் கழற்றினோம். அதற்காக எனக்குக் கோபமில்லை. குமரேசன் வேறு இடம் பார்த்துத் தறி போட்டுக்கொண்டான்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் கயலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நகல் போட்டது தாத்தா, கொடுத்ததும் தாத்தா என்று. "யார் குடுத்தா இன்னா ஆயா, கோடு நான் போட்டது தானே" என்று பஸ் ஏறிவிட்டாள். ஆர்க்கிடெக்சரைப் பாதியில் விட்டாள். அவள் வாத்தியாரம்மா இரண்டு முறை வீட்டுக்குப் போன் செய்து, "இந்தப் பொண்ணோட வரையற கையை விட்டுடாதீங்க" என்று கெஞ்சினார். மற்றப் படிப்பை முடித்து இப்போது டெல்லியில் வேலை பார்க்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள். ஒன்றைப் படித்தவளாக இருக்கிறாள். இரண்டையும் படிக்கப் பிறந்தவள் அவள்.

அதற்குப் பிறகு நான்கு வருஷம் உயிரோடு இருந்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி எத்தனை முறை கேட்டேன்! "சின்னப் பொண்ணுகிட்ட போயி நான் இன்னாத்த சொல்றது?" என்பீர்கள். கடைசியில் ஆஸ்பத்திரிக்கு அவளே வந்தாள். காலடியில் உட்கார்ந்து, "தாத்தா" என்றாள். இப்போதாவது சொல்லிவிடுவீர்கள் என்று நான் கட்டில் பக்கத்தில் நின்றேன். தண்ணீர் கேட்டீர்கள். அவள்தான் கொடுத்தாள். குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

ஏழுமலையை விட்டுவிட்டேன். ஆசைப்பட்டான், எல்லோர் முன்னாலும் வெளிப்படையாகக் கேட்டான். துரைசாமி ஸ்கேல் வைத்த மனிதர், அவ்வளவுதான்.

ஐம்பது வருஷம் உங்கள் பெயரை என் வாயால் சொன்னதில்லை. சாமிக்கும் உங்கள் பெயர் என்பதால் நம் ஊர்க் கோயிலைக்கூட மாமரத்துக் கோயில் என்றுதான் சொல்லி வந்தேன், பஸ் கண்டக்டர்கள் சிரிப்பார்கள். இன்றைக்கு எழுதுகிறேன், என் கையாலேயே. செத்தாலும் நான் மன்னிக்காத ஆளின் பெயர் ஏகாம்பரம்.