அவளும் சிரித்தாள் என்கிறான்

அன்புள்ள என்னங்க,

இங்கே நலம். கப்பலில் நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதுகுவலி தேவலையா? குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. குழாய்க்காரர் இதோ வருகிறேன் என்கிறாரே தவிர வந்தபாடில்லை. போனில் பேசினால் பக்கத்து அறையில் இருப்பவன் காதில் விழும். அதனால்தான் எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்புக்குப் புதிதாக ஒரு பாடம் எடுக்கிறேன் என்றேனே, ஒருவரை ஒருவர் மதித்துப் பழகுவது பற்றி. முதலில் பையன்கள் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார்கள். போகப் போக அடங்கினார்கள். "வேண்டாம்னு வாயால சொல்லணும்னு இல்ல. கையை இழுத்துக்கிட்டாலும் வேண்டாம்தான். பயத்துலகூட சிரிப்பு வரும்" என்று சொல்லிக்கொடுத்தேன். கேட்ட கேள்விக்கெல்லாம் டாண் டாணென்று பதில் சொன்னது நம் பிள்ளைதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எல்லோரும் போன பிறகு முன்வரிசைப் பெண் ஒருத்தி மட்டும் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். "சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே டீச்சர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பஸ் நிறுத்தத்தில் ஒருவன் தினமும் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறானாம். ஒருநாள் பஸ்ஸே போய்விட்டதாம். யாரென்று கேட்டேன். நம் பிள்ளையின் பெயரைச் சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வந்து அவனைக் கேட்டேன். "சும்மா விளையாட்டுக்கும்மா. அவளும் சிரிச்சாளே" என்றான். வகுப்பில் சொன்னதையே திரும்பச் சொன்னேன். "அது பாடம்மா" என்று சொல்லிவிட்டுத் தட்டை நீட்டினான்.

தலைமையாசிரியரிடம் நானே போய்ச் சொன்னேன். "உங்க பையனாச்சே, பெரிசு பண்ணாதீங்க. அந்தப் பொண்ணை வேற பிரிவுக்கு மாத்திடலாம்" என்றார். அவள் எதற்கு மாறவேண்டும் என்று கேட்டேன். தேர்வு முடியும்வரை அந்தப் பாடத்தையும் நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டார்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா தையல் வேலை செய்பவர். மிஷினை விட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாங்க யார்கிட்டயும் சொல்லலை டீச்சர். இவளை மட்டும் விட்டுடச் சொல்லுங்க" என்றார். அவர் என்னிடம் கெஞ்சுகிறார்! கேட்கப் போன மன்னிப்பைக் கேட்காமலே திரும்பினேன். அந்தப் பெண் உள்ளே இருந்தாள். வெளியே வரவில்லை. பள்ளிக்கும் வருவதில்லை.

துறைமுகம் சேர்ந்ததும் அவனிடம் பேசுங்கள். தோலை உரிப்பேன் என்று கத்தவேண்டாம். வயசுக் கோளாறு என்று சிரிக்கவும் வேண்டாம். வேறு எப்படிப் பேசுவது என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன். காலையில் அவன் கூடவே நடந்து போகிறேன். என்னைவிட உயரமாகிவிட்டான், எட்டிப் போட்டு நடக்கிறான். நில்லுடா என்றால் நிற்பதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் நன்றாக இருக்கவேண்டும் என்று ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள். கூடவே, நம் பிள்ளைக்காகவும்.

இப்படிக்கு,
அவன் அம்மா