காலியாக இருந்தால் மேலே உள்ளதுதான்

3.2.1988
மில் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு மாதம் ஆகிறது. அதற்கு மட்டும் ஏ.சி. எங்களுக்கு அதே கிழட்டு ஃபேன். ஆள் கணக்குப் பேரேட்டை இன்று முதல் நான் அதில் ஏற்ற வேண்டும். பிரெஞ்சுக்காரன் காலத்தில் எழுதப் பழகிய குமாஸ்தா எழுதிய பேரேடு. மேலே உள்ளதே கீழேயும் என்றால் 'இதெம்' என்று போடுவார். கம்ப்யூட்டருக்கு இதெம் புரியாதாம். மேலே உள்ள சொல்லையே கீழ்க் கட்டங்களிலும் அடிக்க வேண்டும்.
மத்தியானம் கத்தரிக்காய்க் குழம்பு. ராத்திரி இதெம்!

5.2.1988
கடைசிப் பத்தியில் சந்தேகம். போன மாத ஸ்டிரைக்கில் வாசலை மறித்தவர்களுக்கு 'மறியல்' என்று எழுதியிருக்கிறது. ஒரு டோக்கன் நம்பருக்கு நேரே மறியல். அதன் கீழே ஐந்து கட்டம் காலி. பெயர் கிடையாது, நம்பர்தான். குமாஸ்தாவைக் கேட்கலாமென்றால் ரிட்டயர் ஆகி மகனோடு பிரான்சுக்கே போய்விட்டார்.
வசந்தாவைக் கேட்டேன். மெட்ராசில் போய்க் கம்ப்யூட்டர் படித்து வந்தவள் அவள்தான். எட்டு வருஷமாக எனக்கும் அவளுக்கும் ஒரே பஸ், மத்தியானம் ஒரே சோறு.
"இதெம் போடலியேடி அவரு?"
"காலியா இருந்தா மேல இருக்கறதுதான். ரொப்பிடு. நான் சார்கிட்ட கேட்டுட்டேன்."
ரொப்பிவிட்டேன்.

22.2.1988
அந்த ஐந்தில் ஒரு நம்பர் எதிர்வீட்டுக் கொளஞ்சி அண்ணனுடையது. மறியல் செய்தாரென்று வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு மறியலைத் தாண்டி உள்ளே போய், அதற்காகச் சங்கத்துக்காரர்களிடம் ஏச்சு வாங்கிய மனுஷன்! அவர் பெண்சாதி அஞ்சலாட்சி எங்கள் வாசலில் வந்து நின்றாள்.
"ஒன் கையாலதான் அடிச்சியாமே, செல்வா?"
என் மகளுக்குத் தினமும் தலை பின்னிவிடுகிறவள்.

24.2.1988
மானேஜர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, ரொப்பச் சொன்னது யார் என்று கேட்டார். வசந்தா என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள் — "நான் அப்பிடி சொல்லவே இல்ல சார். தெரியலன்னா கேளுன்னுதான் சொன்னேன். அவதான் கேக்கல."
அவதான் கேக்கல! அடிப்பாவி, கேட்டதே உன்னத்தானடி? சார்கிட்ட கேட்டுட்டேன்னியே, அதுவும் பொய்யா? தப்பு ரெண்டு பேருதுதான்னு சொல்லியிருந்தா சேர்ந்தே திட்டு வாங்கியிருப்போமே. நான் உன்னைக் காட்டிக்கொடுத்திருப்பேனா?
என்னைப் பழையபடி டைப் மெஷினுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏ.சி. அறை அவளுக்கு.
சாயந்தரம் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கோவமா?" என்கிறாள். என்ன நெஞ்சழுத்தம்! "ஆமா" என்றேன். எழுந்து, அரியாங்குப்பம் வரை நின்றுகொண்டே வந்தேன்.

25.2.1988
வசந்தா முன் சீட்டில். பேசவில்லை.

26.2.1988
இதெம்.

18.4.1988
கொளஞ்சி அண்ணனையும் மற்ற நால்வரையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அன்றைய வருகைச் சீட்டில் ஐந்து பேர் கையெழுத்தும் இருந்ததாம். முதலிலேயே அதைப் பார்க்க யாருக்கும் கண் இல்லை. அஞ்சலாட்சி என் மகளைக் கூப்பிட்டுத் தலை பின்னிவிட்டாள். என்னோடு மட்டும் பேசவில்லை.

9.6.1988
மத்தியானம் வசந்தா என் மேசையில் டிபன் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள். எலுமிச்சம்பழச் சோறு. எனக்குப் பிடிக்குமென்று அவளுக்குத் தெரியும்.
"அன்னிக்கு பஸ்ல 'ஆமா'ன்னே. இன்னுமா கோவம், செல்வா?"
நான் வாயைத் திறக்கவில்லை. டைப் அடித்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.
பதிலே சொல்லவில்லையே என்று அவள் குழம்ப வேண்டியதில்லை. காலியாக இருந்தால் மேலே இருப்பதுதான். அவள் சொல்லிக்கொடுத்ததுதானே.