முனை கட்டாத மாலை

பீளமேடு, மாடி வீடு
10 நவம்பர் 2025, திங்கள்

ஹாரிகா வதின அவர்களுக்கு,

ஒரே வீட்டில் நீங்கள் கீழே, நான் மேலே. ஆனாலும் நடனப் பள்ளி விஷயத்தை வாயால் பேசக் கூடாது, எழுத்தில்தான் தர வேண்டும் என்பது மாமா மில் மேனேஜராக இருந்த நாளிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த சட்டம். குழந்தை சைதன்யா பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். அந்த நேரத்தில் எழுதுகிறேன்.

நேற்று பொள்ளாச்சி ரோட்டு ரிசெப்ஷனில் ஆடப் போன எட்டுப் பேருக்கும் உங்கள் கையால் சம்பங்கி மாலை போட்டீர்கள். ஏழு பேருக்கு முழு மாலை. எனக்கு மட்டும் முனை கட்டாமல் துண்டு போட்டதுபோல் இரண்டு பக்கமும் தொங்கியது. மாப்பிள்ளையின் அத்தை எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்: "ஏனம்மணி, உனக்கு மட்டும் அறுந்த மாலையாட்டங் கெடக்குது? நாரு பத்தலீங்களா?" சிரித்துவைத்தேன். மேக்கப் அறைக்குப் போய் இரண்டு முனையையும் ஊக்குக் குத்திச் சேர்த்துக்கொண்டு மேடை ஏறினேன்.

ஹவாய் ஹூலா ஆட்டம் முடிந்தது. அடுத்தது டஹீட்டி ஆட்டம். இடுப்பை வேகமாக ஆட்டும் அந்த ஆட்டத்தில் நாலு வருடமாக முன்வரிசை நடுவில் நிற்பவள் நான். மேளம் தொடங்கும் நேரத்தில் "நீ உக்காரு கண்ணு, ரம்ஷா ஆடட்டும்" என்றீர்கள். கோட்டைமேட்டு மஜீத் பாய் மகள், சேர்ந்து ஒரு வருடம் ஆகாத பெண், என் இடத்தில் ஒரு அடி தப்பாமல் ஆடினாள். எப்படி வதின?

பிப்ரவரியில் ஆக்லாந்து விழாவுக்கு எட்டுப் பேர் போக வேண்டும். என் பெயர் உண்டா இல்லையா? எம்.எஸ்சி. முடித்து மருமகளாக வந்தவளைச் சமையலறையில் நிறுத்தாமல் ஆட இழுத்துப் போனவர் நீங்கள். திரும்ப அங்கேயே அனுப்பப் பார்க்கிறீர்களோ என்று தோன்றுகிறது.

உங்கள் தம்பி மனைவி,
மானசா


கீழ் வீடு
11 நவம்பர் 2025

மானசா கண்ணுக்கு,

குழந்தைக்குச் சளி விட்டதா? காலையில் படியில் இருமிக்கொண்டே இறங்கினாள். அந்த ஐஸ் தண்ணீர் பாட்டிலை முதலில் ஒளித்துவை.

ஆக்லாந்து பட்டியலை நான் இன்னும் யாரிடமும் தரவில்லை. மாலைக்கு நார் பற்றாமல் போகவில்லை. ஹவாயில் பதினொரு வருடம் ஆடக் கற்றுக்கொண்டே பூவும் கட்டியவளுக்கு ஒரு முடிச்சுப் போடத் தெரியாதா? வேண்டுமென்றேதான் விட்டேன். அதை ஊக்குக் குத்தி மூடச் சொன்னது யார்? நீ மேடை ஏறிய பிறகுதான் அதைப் பார்த்தேன். அத்தனை பேர் முன்னால் கழற்றச் சொல்லவும் வழியில்லை.

நீ கேட்டாய். நானும் ஒன்று கேட்கிறேன். என்னிடம் சொல்ல வேண்டியது உனக்கு ஏதாவது இருக்கிறதா? இதெல்லாம் அப்பாவின் ஃபைலுக்குப் போகிற காகிதம். அவர் ஒவ்வொன்றையும் படித்துக் கையெழுத்துப் போட்டுத்தான் கோக்கிறார். அதனால் இதற்கு மேல் எழுதவில்லை.

அன்புடன்,
ஹாரிகா


மாடி வீடு
12 நவம்பர் 2025

வதின அவர்களுக்கு,

நான் கேட்டது நாலு. நீங்கள் பதில் சொன்னது பாதி. கடைசியில் என்னையே விசாரிக்கிறீர்கள். சொல்ல வேண்டியது ஒன்றும் இல்லை.

உங்களுக்குத்தான் இருக்கிறது. நேற்று ரம்ஷாவைத் தனியாக நிறுத்திக் கேட்டேன். பாவம், முழித்தாள். "அக்கா, சொல்லப்படாதுன்னு சொல்லியிருக்காங்க. பதினஞ்சு நாளா வெள்ளனெ வந்து உங்க ஆட்டத்தத்தான் பழகறேனுங்க" என்றாள். ஆக, ரிசெப்ஷன் மேடையில் திடீரென்று தோன்றிய யோசனை இல்லை. பதினைந்து நாளாக என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எனக்கு மாற்று தயார் செய்திருக்கிறீர்கள்.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை நீங்களும் உங்கள் தம்பியும் கட்டை மேளத்துப் பக்கம் நின்று குசுகுசுவென்று பேசினீர்கள். நான் வந்ததும் பேச்சு நின்றது. "என்னங்க?" என்றேன். "கட்டை வெடிச்சிருக்குது" என்றார் அவர். பிறகு போய்த் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

என்னிடம் சத்தியம் செய்துகொடுத்ததை அவர் காப்பாற்றினாரா என்பது உங்களுக்கும் அவருக்கும்தான் தெரியும். எனக்கு இந்த வீட்டில் யாரை நம்புவது என்று தெரியவில்லை.

மானசா


14 நவம்பர் 2025

மானசா,

இது ஃபைலுக்கு அல்ல. அதனால்தான் உன் இலைப் பாவாடைப் பைக்குள் வைக்கிறேன். படித்ததும் கிழித்துப்போடு.

தம்பி சசிதர் வாயைத் திறக்கவில்லை. "மானசா நல்லாருக்காளாடா?" என்றுதான் அன்றைக்குக் கேட்டேன். என்னிடமும் கட்டை வெடித்த கதையைத்தான் சொன்னான். பொய் சொல்லவும் அவனுக்கு ஒன்றுதான் தெரியும்.

சொன்னது உன் உடம்பு. தீபாவளி கழிந்ததிலிருந்து இடுப்பை முழு வட்டம் சுற்றாமல் முக்காலில் நிறுத்துகிறாய். முழங்காலை மடித்து எழும் இடத்தில் கை அலையைக் காட்ட வேண்டும். உன் இடது கை வயிற்றுக்குப் போகிறது. தேங்காய் எண்ணெய்க் கிண்ணம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாய்.

ஹவாயில் பிள்ளைத்தாய்ச்சிக்கு வட்டமாகக் கட்டிய மாலை போடமாட்டார்கள். வயிற்றில் இருப்பதற்குக் கொடி சுற்றிக்கொள்ளும் என்று பயம். முனையைத் தொங்கவிட்டுத்தான் போடுவார்கள். நீ சொல்லாததை நான் கேட்கக் கூடாது என்று மாலையை மட்டும் அப்படிப் போட்டேன். உனக்கு இந்த வழக்கத்தை ஒருநாளும் சொல்லித்தரவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் நீ சந்தேகப்படுவது சரியென்று ஆகிவிடும்.

போன வருடம் வெள்ளகோவில் கல்யாணத்தில் ஆடினாய். பத்தாம் நாள் அது கலைந்தது. ஆட்டத்தால் இல்லை என்று டாக்டரம்மா உறுதியாகச் சொன்னார். ஆனால் உனக்குத் தெரியாதது ஒன்று. அன்றைக்கும் நான் கண்டுபிடித்துவிட்டேன் கண்ணு. உன் இடத்துக்கு வேறு ஆள் இல்லை. கேட்டால் நீ உட்கார்ந்துவிடுவாய் என்று கேட்காமல் விட்டேன். முழு மாலையைப் போட்டு மேடைக்கு அனுப்பினேன்.

அதனால்தான் இந்தத் தடவை ரம்ஷா. ஆக்லாந்து பட்டியலில் உன் பெயர் இல்லை, அதுவும் உண்மை. பிப்ரவரியில் உனக்கு எத்தனை மாதம் என்று நீயே எண்ணிப் பார். திரும்பி வரும்போது நடு இடம் உனக்கு என்று சொன்னால் நம்பமாட்டாய். அதனால் சொல்லவில்லை.

ஹாரிகா


மாடி வீடு
17 நவம்பர் 2025

வதின,

இதுவும் ஃபைலுக்கு அல்ல. உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. எங்கே வைத்திருக்கிறேன் என்று சொல்லவும் மாட்டேன்.

மூன்று நாளாக உங்களைப் படியில் பார்க்கும்போதெல்லாம் சைதன்யாவின் செருப்பு வாரைச் சரிசெய்கிறவள்போலக் குனிந்துகொண்டேன். கவனித்திருப்பீர்கள். நீங்கள் எதைத்தான் கவனிக்கவில்லை?

வெள்ளகோவிலில் நீங்கள் கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். எனக்கும் நடு இடம் வேண்டியிருந்தது. ஆனாலும் கேட்டிருக்கலாம் வதின. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரு வருடமாக என்மேல்தான் தப்பு என்று நானாக நினைத்துக்கொண்டு, குளிக்கப் போனால் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன். நீங்கள் கீழே உட்கார்ந்து அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். மோட்டாரை யார் போட்டது என்றுகூட ஒருநாள் கேட்டீர்கள்.

ஊக்குக் குத்தியதை நினைத்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. டாக்டரம்மாவிடம் கேட்டேன். சிரித்தார். கொடி சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று நம் பக்கம் சொல்வார்கள். எனக்குத்தான் அண்ணன் தம்பி யாரும் இல்லையே, யாருக்கு ஆகாமல் போகும் என்று நானும் சிரித்துப் பார்த்தேன். வரவில்லை.

ஆக்லாந்துக்கு நான் வரவில்லை. நீங்கள் எடுத்தது அல்ல, நானாக விட்டது என்று மாமாவுக்கு எழுதித் தருகிறேன். ஃபைலில் அப்படியே இருக்கட்டும். ரம்ஷாவை இனி ஒளித்துவைத்துப் பழக்க வேண்டாம். வேகத்தில் அவள் இடது மணிக்கட்டு விழுகிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடி நானே திருத்துகிறேன்.

இது மன்னிப்பு அல்ல. அது எப்போது வரும் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் ஒன்றை இப்போது சொல்கிறேன். தேதி ஜூன் பதினைந்து. கோபியில் என் அம்மாவுக்கு எதுவுமே தெரியாது. உங்கள் தம்பிக்கு ஜூலை என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஜூன் என்பது டாக்டரம்மாவுக்கும் எனக்கும் இப்போது உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். இந்த வீட்டில் யார் வாயிலாவது ஜூன் என்று வந்தால், யார் சொன்னது என்று நான் யாரிடமும் போய்க் கேட்க வேண்டியிருக்காது.

மானசா