காலியாக இருந்த ஆணி

மச்சான்,

இப்போதுதான் எழுதப் படிக்கக் கற்கிறேன்; எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். பாறையில் துளை போட்ட கைக்குப் பேனா லேசில் அடங்கவில்லை. காகிதம் பறக்காமல் இருக்க, சுரங்க வேலையை விட்டபோது கொண்டுவந்த என் பித்தளை வில்லையை மேலே வைத்திருக்கிறேன். இத்தனை வருடம் விளிம்பில் இருக்கும் நசுங்கலைத் தடவித்தான் அது என்னுடையது என்று அறிந்தேன். நேற்று அதில் இருப்பதைப் படித்தேன். ஒன்று, ஏழு, ஆறு. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

கூடவே பீமுனிப்பட்டணத்து மலைமேல் இருந்த அந்த ஓட்டல் ஞாபகம் வந்தது. பங்காருபேட்டையில் ரயிலேறிப் போய், கால் முறிந்த நம் துரையை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு, ஒல்லாந்தர் கல்லறைகளைத் தாண்டி ஏறினோமே. ஒவ்வொரு அறைக்கும் குளிக்கத் தனி அறை. ஜன்னலைத் திறந்தால் கடல். நமக்குச் சமையல்கட்டுக்குப் பின்னால் தாழ்வாரம். "தொரைக்கும் நமக்கும் ஒரே கடல்தான் மச்சான்" என்று கால் நீட்டிப் படுத்தாய்.

வாசலில் கிளார்க்குக்குப் பின்னால் ஒரு பலகை. வரிசையாக ஆணிகள், எண் போட்ட வில்லையோடு சாவிகள். தங்கவயலில் நம் சுரங்க வாசலில் இருக்கும் பலகை மாதிரியே. நாம் இறங்கும்போது வில்லையை எடுப்போம், ஏறியதும் மாட்டுவோம். ஆணி காலி என்றால் ஆள் இன்னும் கீழே. ஒரு மத்தியானம் விருந்தாளிகள் கடற்கரைக்குப் போயிருக்க, ஒரே ஓர் ஆணி காலியாக இருந்தது. நீ சோற்றில் கை வைக்கவில்லை. இங்கே வெளியே போகிறவர்தான் சாவியை மாட்டுவார், அந்த விருந்தாளி அறையில் தூங்குகிறார் என்று கிளார்க் விளக்கினார்.

"யாரு பாத்தாங்க?" என்றாய்.

நீ நகராததால் அவர் போய்க் கதவைத் தட்டினார். தூக்கம் கெட்ட விருந்தாளி போட்ட சத்தம் கடல்வரை கேட்டிருக்கும். "உசுரோட கீறாரு இல்ல, அது போதும்" என்று சாப்பிட உட்கார்ந்தாய். ஊர் திரும்பும்வரை ஓட்டல் ஆட்கள் உன்னைக் கண்டால், எல்லாரும் ஏறியாச்சா என்று கேட்டார்கள். நானும் சேர்ந்து கேட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் பாறை சரிந்து நான் சுரங்கத்துக்குள் கிடந்தேன். முந்தின நடை கேஜ் கூண்டிலேயே மேலே ஏறி வீட்டுக்குப் போயிருப்பான், வில்லையை மாட்ட மறந்திருப்பான் என்று மேலே பேசிக்கொண்டார்களாம். காலியான என் ஆணிக்கு முன் நின்று நீ அதே "யாரு பாத்தாங்க?" கேள்வியைக் கேட்டாயாம். யாரும் பார்த்திருக்கவில்லை. கேஜை மறித்து இறங்கி வந்தாய். உன் விளக்குக்கு முன்னால் உன் குரல் வந்து சேர்ந்தது.

"எல்லாரும் ஏறியாச்சு. நீ இன்னாடா பண்ற இங்க?"

நீ காய்ச்சலில் போய் இரண்டு வருடம். நல்ல இடத்தில்தான் இருக்கிறாய் என்கிறார் பாதிரியார். நல்லவர்தான், ஆனால் யார் பார்த்தார்கள் மச்சான்? உன் ஆணி காலியாக இருக்கிறது. கேட்காமல் நான் எப்படிச் சாப்பிடுவேன்? வருகிற ஞாயிறும் உனக்கே எழுதிக் கேட்பேன்.