தறிக்காரர்கள் கேட்ட கச்சேரி

மாப்ளே,

டவுன்ஹால் பக்கம் ஒரு வேலையாக வந்தவன், கோயில் மைதானத்தின் அருகே நின்றுவிட்டேன். புதுப்பந்தல் போட்டிருக்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கமிருந்து வண்டியில் வந்த பச்சைக் கீற்றின் வாசம் தெருமுனை வரைக்கும் அடித்தது. சித்திரை பிறந்தாயிற்று, கச்சேரி தொடங்கியாயிற்று என்று நமக்கு அந்த வாசம்தானே சொல்லும். நீ போன பிறகு வருகிற முதல் சித்திரை. வந்த வேலையை விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

பீளமேட்டு மில்லில் பக்கத்துப் பக்கத்துத் தறி ஓட்டினவர்கள் நாம். உனக்குப் பாட்டுப் பைத்தியம் எங்கிருந்து பிடித்ததோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். எனக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. கச்சேரி முடிந்ததும் நீ கூட்டிப்போகும் ஹோட்டலில் கிடைக்கிற நெய் ரோஸ்ட்டுக்காகத்தான் உன் பின்னால் வந்தேன். "உனக்குக் காது வயித்துல இருக்குதப்பா" என்று கிண்டல் செய்வாய். வருஷம் பூராவும் வீட்டுச் சோறு. சித்திரையில் மட்டும்தான் நமக்கு டவுன் பாட்டும் டவுன் பலகாரமும். பகல் ஷிப்டு முடிந்து, தலையில் ஒட்டின பஞ்சை உதறிக் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏறினால் நம்மை மில்லுக்காரன் என்று யார் சொல்வார்கள்?

ஒரு சித்திரையில் நீ மைக் செட்டுக்காரரிடம் சண்டைக்குப் போனாய். "ஏனுங்க, சத்தத்த இப்பிடிக் கொறச்சு வெச்சா பின்னால இருக்கறவங்களுக்கு எப்பிடிங்க கேக்கும்?" என்றாய். அவர் உன்னை ஒரு மாதிரி பார்த்தார். எனக்கோ நன்றாகவே கேட்டது. "செவனேன்னு உக்காரு, மானத்த வாங்காத" என்று உன்னைப் பிடித்து இழுத்தேன். மறுநாள் நீ ஒலிபெருக்கிக் கம்பத்தடியில் போய் உட்கார்ந்தாய். சனமெல்லாம் அந்த இரைச்சலுக்கு ஒதுங்கி உட்கார்ந்திருக்க, நீ மட்டும் அங்கே. கிறுக்கு முற்றிப்போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

தறி இரைச்சலில் காது மந்தமாவது நம் கூட்டத்தில் புதிதில்லை. ஆனால் மற்றவர்கள் யாரும் பாட்டில் உயிரை வைத்திருக்கவில்லையே.

அடுத்த சித்திரையில்தான் எனக்கு உறைத்தது. பாடகர் ஒரு பாட்டை முடித்துவிட்டுக் குனிந்து தண்ணீர் குடித்தார். மிருதங்கக்காரர் சுருதி சேர்ப்பதற்காக வாத்தியத்தின் ஓரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். வயலின்காரரும் வில்லை இழுத்து இழுத்துப் பார்த்தார். கம்பத்தடியிலிருந்து பார்த்தால் எல்லாம் வாசிப்பு மாதிரிதான் தெரிந்தது. நீ தொடையில் தாளம் போட்டாய். தலையை ஆட்டி, "ஆகா" என்றாய். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். "பாட்டு இன்னும் ஆரம்பிக்கலீங்க" என்றார் வாய் நிறைய வெற்றிலையோடு ஒரு பெரியவர். அதுவும் உனக்குக் கேட்கவில்லை. உன் ரசனையை அவர் மெச்சுகிறார் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே இன்னொரு ஆகா போட்டாய். வாத்தியத்துக்குச் சுருதி சேர்ப்பதையும் பாட்டையும் பிரித்தறியாத ஆளா நீ?

அன்றைக்கு ஹோட்டலில் ரோஸ்ட் வந்தது. நீ தொடவில்லை. ரகசியம் சொல்வதாக நினைத்து என் பக்கம் சாய்ந்து, "எனக்கு ஒண்ணுமே கேக்கறதில்லப்பா. ஊட்டுல சொல்லிப்போடாத" என்றாய். தறிக்குப் பக்கத்தில் நின்று கத்துகிற குரல். ஹோட்டல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சாம்பார் வாளியோடு வந்த சப்ளையர் அப்படியே நின்றுவிட்டார். அத்தனை பேருக்கும் கேட்டுவிட்டது என்று உனக்கு நான் எப்படிச் சொல்வேன்? சரி சரி என்று தலையை மட்டும் ஆட்டினேன். பெரியாஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனேன். நரம்பு செத்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அதற்கடுத்த சித்திரைக்கு நீயே ஒரு வழி கண்டுபிடித்தாய். தறி ஓடும்போது நாம் காதாலா பேசிக்கொள்கிறோம்? ஒருத்தன் வாயை ஒருத்தன் பார்த்துத்தானே பேச்சு. நூல் அறுந்ததும், மேஸ்திரி வருவதும், அவன் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனதும் எல்லாம் உதட்டிலேயே சொல்லி முடிப்போம். "அதே மாதிரி கச்சேரியையும் நீ சொல்லு. நான் உன்ற வாயப் பாத்துக்கறேன்" என்றாய்.

மேடைக்கு முதுகைக் காட்டி, உன் முகம் பார்த்து மணலில் உட்கார்ந்தேன். பாட்டின் வார்த்தைகளைச் சத்தமில்லாமல் ஒவ்வொன்றாகச் சொன்னேன். உன் விரல் தாளத்தைப் பிடித்துக்கொண்டது. உன் முகத்தில் பழைய களை வந்தது. அடடா, பிழைத்தோம் என்றுதான் நினைத்தேன்.

பிறகு பாடகர் ஆலாபனைக்குப் போனார். அதில் வார்த்தை ஏது மாப்ளே? குரல் ஏறுகிறது, இறங்குகிறது, எங்கேயோ போய் நிற்கிறது. நான் என்னத்தைச் சொல்ல? வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். நீ என் உதட்டையே பார்த்துக் காத்திருந்தாய்.

"என்னப்பா, நிறுத்திப்போட்டாரா?"

"இல்ல, பாடிட்டுத்தான் இருக்கறாரு."

"எப்பிடி இருக்குது?"

"நெம்ப நல்லா இருக்குது."

அதற்கு மேல் எனக்கு வரவில்லை. பாட்டுத் தெரிந்த ஒருத்தன் உனக்குச் சிநேகிதனாக வாய்த்திருக்கக் கூடாதா? நீ என் தோளைத் தட்டி எழுந்தாய். "வாப்பா, ஊட்டுக்குப் போலாம்." ஹோட்டல் வாசலைத் தாண்டும்போது நாம் இருவரும் உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை.

மாசியில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோயிற்று.

இன்றைக்குத் தனியாக, மேடையைப் பார்த்துத்தான் உட்கார்ந்தேன். பாட்டு தொடங்கியதும் என் உதடு அசைய ஆரம்பித்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. "ஏனுங்க, நீங்களும் பாடுவீங்களா?" என்று பக்கத்தில் இருந்தவர் மரியாதையாகக் கேட்டார். "இல்லீங்க, தறி ஓட்டறேன்" என்றேன். அவருக்கு என்ன விளங்கியதோ தெரியாது. கொஞ்ச நேரத்தில் பாடகர் ஆலாபனையை எடுத்தார். என் உதடு நின்றுவிட்டது. அதை உனக்கு எப்படிச் சொல்வதென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.