அரங்கம் வரட்டும், அடுப்பு எங்கே?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று நகரமன்றத்துக்கு டில்கார்ட் வந்திருந்தார். ஸ்டர்ஜன்ஸ் கால்பந்து அணியின் முதலாளி. புது அரங்கத்துக்கு எழுபது கோடி டாலர் ஆகுமாம். பாதியை நகரம் தர வேண்டும், முப்பது வருடம் விற்பனை வரியைக் கூட்டி. தராவிட்டால் அணி டெக்சஸுக்குக் குடிபெயரும். சிரித்துக்கொண்டே சொன்னார். மிரட்டலுக்கு இத்தனை அழகான பல்வரிசை தேவையா?

நான் ஒரே கேள்விதான் கேட்டேன்: "உங்கள் மனுவில் கூரை ஒழுகுவதாக எழுதியிருக்கிறீர்கள். நம் அரங்கத்துக்குக் கூரையே கிடையாதே?"

"அது ஒரு உவமை, மேடம்."

உறுப்பினர்கள் ஒன்பது பேர். நாலு பேர் தரலாம் என்கிறார்கள், நாலு பேர் கூடாது என்கிறார்கள். ஒன்பதாவது ஆள் நான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அண்ணன் ரோலண்ட் வந்தான். குழாய் வேலை செய்கிறவன். என் சமையலறைக் குழாயைத் தவிர ஊரில் எல்லாக் குழாயையும் சரிசெய்வான்.

"நீ டாக்டர் பட்டம் வரைக்கும் படிச்சவ லோரெட்டா. நாலு பேரு சந்தோஷமா இருந்தா படிச்சவங்களுக்குப் பொறுக்காது. டீம் போச்சுன்னா உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு நான் சுட்டு வைத்திருந்த ஆப்பிள் கேக்கில் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டான்.

கோபம் வரவில்லை. இருபத்தெட்டு வருடமாக, உள்ளூரில் ஆட்டம் இருக்கும் ஞாயிறுகளில் காலை ஏழு மணிக்கே அரங்க வாசலில் பார்க்கிங்கில் இருப்பான். லாரியின் பின்கதவை இறக்கி, கரி அடுப்பு மூட்டி, அக்கம்பக்கத்து வண்டிக்காரர்களுக்கெல்லாம் சாசேஜ் சுட்டுக் கொடுப்பான். அண்ணி இறந்தபோது அவன் வீட்டுக்கு முதலில் சாப்பாடு கொண்டுவந்தது நான் இல்லை. அந்தப் பார்க்கிங் ஆட்கள். அணி போனால் அவனுக்கு ஞாயிறு என்று ஒன்றே இருக்காது.

செப்டம்பர் 9

ஒன்பது ஆய்வுகளைப் படித்தாயிற்று. எல்லாம் ஒரே குரலில் சொல்கின்றன: அரங்கத்தால் ஊருக்கு வருமானம் இல்லை, முதலாளிக்கு உண்டு. ரோலண்டிடம் சொன்னேன். "அந்தப் புரொபசருங்கள்ல ஒருத்தராவது ஸ்டர்ஜன்ஸ் ரசிகரா?" என்றான்.

அக்டோபர் 2, வியாழன்

டெக்சஸில் அணி போகவிருந்த நகரத்தின் மன்றத்தில் ஒரு பெண் உறுப்பினரைத் தொலைபேசியில் பிடித்தேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "அந்த ஆளு இங்கயும் வந்தாரே! உங்க ஊர்ல காசு தர ஒத்துக்கிட்டாங்க, சீக்கிரம் முடிவெடுங்கன்னாரு."

நானும் சிரித்தேன். பிறகு அவள் சொன்னாள்: "ஆனா எங்காளுங்க குடுத்தாலும் குடுத்துடுவாங்க. இங்க கால்பந்துன்னா புத்தி கெட்டுப்போகும்."

அப்படியானால் மிரட்டல் பொய்யா, மெய்யா? இரண்டும்தான் போலிருக்கிறது.

அக்டோபர் 18, சனி

திட்ட அறிக்கை நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். யாரும் படிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. நான் படித்தேன்.

பக்கம் 187. இப்போதைய பார்க்கிங் இருக்கும் இடத்தில் ஓட்டலும் கடைகளும் வரும். வண்டிகளை ஒன்றரை மைல் தள்ளி ஆறு மாடிக் கட்டடத்தில் விட வேண்டும். "தீப்பாதுகாப்பைக் கருதி அங்கே எவ்வகைச் சமையல் அடுப்புக்கும் அனுமதியில்லை."

இரண்டு முறை படித்தேன். காபி ஆறிப்போனது. இது பொருளாதார வாதமே இல்லை. இதைச் சொல்வது நியாயமா? — ஏன் கூடாது? அவர்கள் எழுதியதைத்தானே படிக்கப்போகிறேன்.

இந்த வயதில் இத்தனை மகிழ்ச்சி வெட்கக்கேடு.

நவம்பர் 6, வியாழன்

பொதுமக்கள் கருத்துக் கேட்பு. நானூறு பேர், பாதிப்பேர் அணியின் பச்சைச் சட்டையில். மூன்றாம் வரிசையில் ரோலண்ட், தலையில் அட்டையில் செய்த ஸ்டர்ஜன் மீன் தலை, அணியின் சின்னம். எனக்கு மூன்று நிமிடம். ஒன்பது ஆய்வுகளின் சுருக்கம் கையில் இருந்தது. அதைக் கவிழ்த்து வைத்தேன்.

"பக்கம் நூற்று எண்பத்தேழு, மூன்றாம் பத்தி," என்று தொடங்கி, கூட்டக் குறிப்பு வாசிக்கும் அதே குரலில் வாசித்தேன். முடித்ததும் மீன் தலைக்குள்ளிருந்து ரோலண்டின் குரல்:

"என்னது? அடுப்பு கூடாதா?"

பின்னால் ஒரு பெண்மணி எழுந்தாள். "அப்ப காலைல ஏழு மணிலேந்து நாங்க என்னத்தப் பண்றது? ஆட்டமா பாக்கறது?"

டில்கார்ட் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "உள்ளே அறுபத்திரண்டு உணவுக் கடைகள் வரும், நண்பர்களே."

"வாங்கித் திங்கவா!" என்று யாரோ அலறினார்கள். கொலைக்குற்றம் சாட்டினால்கூட அந்தக் குரல் வராது.

வரி அரை சதவீதம் ஏறும் என்றபோது கைதட்டிய ஜனம் இது. எனக்கு இன்னும் ஒரு நிமிடம் மிச்சமிருந்தது. வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நவம்பர் 20

ஏழுக்கு இரண்டு; தரலாம் என்ற நாலு பேரில் இருவர் அந்தக் கூட்டத்துக்குப் பிறகு மாறிவிட்டார்கள். திட்டம் தோற்றது. டில்கார்ட் வாசலில் பத்திரிகைக்காரர்களிடம் சொன்ன ஒரே சொல்: "டெக்சஸ்."

ரோலண்ட் தொலைபேசியில் கேலி எதுவும் செய்யவில்லை. "போயிடுவாங்களா?" என்று மட்டும் கேட்டான். தெரியாது என்றேன். ஐயோ, போனா என்ன பண்றது? முப்பது வருஷ வரியை மிச்சம் பிடிச்சுட்டு என் அண்ணனைத் தொலைச்சுட்டேனா?

டிசம்பர் 14, ஞாயிறு

அந்தத் தொலைபேசிக்குப் பிறகு ரோலண்ட் பேசவில்லை. நானும்.

மார்ச் 12, வியாழன்

பழைய அரங்கத்துக்கே பன்னிரண்டு வருடக் குத்தகை. இன்று காலை டில்கார்ட் கையெழுத்திட்டார். டெக்சஸ்காரர்கள் கடைசியில் அவரிடம் முக்கால்வாசிச் செலவைச் சொந்தக் காசில் போடச் சொன்னார்களாம். அவருக்கு உடனே எங்கள் ஊர்மீது பாசம் பொங்கிவிட்டது. நகரத்தின் பங்கு: கழிப்பறைகளைப் புதுப்பித்துத் தருவது.

ரோலண்ட் கூப்பிட்டான், கிட்டத்தட்ட நாலு மாதத்துக்குப் பிறகு. "அந்தக் கக்கூஸ் கான்ட்ராக்ட்டு எனக்கு வருமா?"

"உறுப்பினரின் அண்ணனுக்குக் கிடையாது."

"உன்னால எனக்கு எப்பவும் நஷ்டம்தான்டி."

அவன் வைத்த பிறகும் தொலைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 13, ஞாயிறு

பருவத்தின் முதல் ஆட்டம். காலை ஏழரைக்குப் பார்க்கிங் போனேன். யாரும் நன்றி சொல்லவில்லை. யாரும் வரியைப் பற்றிப் பேசவில்லை. ஒரு பை வெங்காயமும் கத்தியும் கொடுத்தார்கள்.

"பொடிசா நறுக்கு, டாக்டரம்மா," என்றான் ரோலண்ட். "எங்காளுங்க இதுல ரொம்பக் கண்டிப்பு."

நறுக்கினேன். ஆட்டத்தில் தோற்றோமாம். நான் உள்ளே போகவில்லை.